பதினேழு வருடம் ஒரே இடம்: செட்டிநாட்டுப் பதிவர் ஒருவர் தளம் மாறாதது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் தட்டச்சு, நகல், இணைய வேலைகள் பார்க்கும் சிறிய கடை என்னுடையது. 2022 ஏப்ரலில் ஒருநாள், எழுபதை நெருங்கும் ஆச்சி ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். துணிப்பையிலிருந்து மடிக்கணினி, நீளவாக்கில் கணக்கு நோட்டு, சின்ன எவர்சில்வர் டப்பா மூன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார். டப்பாவுக்குள் பென் டிரைவ்.

"தம்பி, மகன் வேற இடத்துக்கு மாத்தச் சொல்றான். மாத்தினா எதுவும் தொலையாம வந்திருமா?"

பேச்சு அவருடைய வலைப்பதிவைப் பற்றியது. 2008இல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன்தான் பிளாக்கர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் அதைத் திறந்து கொடுத்திருக்கிறார். காசு கிடையாது, தமிழில் அடிக்கலாம், ஏற்கெனவே இருந்த மின்னஞ்சல் கணக்கே போதும். தேர்வுக்குக் காரணம் அவ்வளவுதான். பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 1999இல் தொடங்கியது பிளாக்கர். 2003இல் கூகுள் வாங்கியது. பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும், 2004இல் வந்த தமிழ்மணம் போன்ற திரட்டிகள் அப்போது புதுப் பதிவர்களுக்கும் வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தன. ஆச்சிக்கும் அப்படித்தான் முதல் பின்னூட்டம் வந்தது. கந்தரப்பத்துக்கு அரிசியும் பருப்பும் என்ன கணக்கு என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்.

எழுதியது சமையல் மட்டும் அல்ல. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பயன். கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஓலை எழுதும் முறை. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு என்னென்ன வேண்டும். கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்ன ஓலையை எப்படி வாருவது. இப்போது யாரும் சொல்லாத வீட்டுச் சொற்கள். முதலில் தாளில் எழுதி, பிறகு தட்டச்சு செய்து ஏற்றுவார். ஏற்றியதும் கணக்கு நோட்டில் ஒரு வரி: எண், தேதி, தலைப்பு, எத்தனை படம். கணவர் காலத்தில் வீட்டில் பேரேடு எழுதிய பழக்கம். நோட்டில் 618 வரிகள் இருந்தன.

மாறச் சொன்னதற்குக் காரணங்கள்

மகன் சொன்ன காரணங்கள் நான்கு. பக்கம் பழைய காலத்ததாக இருக்கிறது. கைப்பேசியில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. இப்போது எல்லோரும் சமூக ஊடகத்தில்தான் இருக்கிறார்கள். நாலாவதுதான் கனமானது: இலவசத் தளத்தை ஒருநாள் மூடிவிட்டால்?

அது வீண் பயம் இல்லை. ஜியோசிட்டீஸ் 2009இலும் போஸ்டரஸ் 2013இலும் மூடப்பட்டன. இரண்டிலும் லட்சக்கணக்கானோர் எழுதியிருந்தார்கள். அதனால் வேர்ட்பிரஸ் என்ற, சொந்த இடத்தில் நிறுவிக்கொள்ளும் வலைப்பதிவு மென்பொருளுக்கு மாற்றி, மகனே இணையத்தில் இடம் வாடகைக்கு எடுத்துத் தருவதாகப் பேச்சு. அப்படி இடம் தரும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஒரு வருடக் கட்டணமும் கட்டிவிட்டார்.

எனக்கும் மாற்றிவிடலாம் என்றுதான் தோன்றியது. மாற்றினால் எனக்கு ஒரு மாத வேலை, கூலி. அந்த நினைப்பும் உள்ளே இருந்தது என்பதை ஒளிக்கவில்லை.

சமூக ஊடக யோசனைக்கு ஆச்சியே பதில் வைத்திருந்தார். 2013இல் ஆறு மாதம் அங்கே மட்டும் எழுதிப் பார்த்திருக்கிறார். விருப்பக்குறிகள் குவிந்தன. அப்புறம் தானே எழுதிய மனகோலம் பலகாரக் குறிப்பை ஒரு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்கவில்லை. நோட்டில் அந்த ஆறு மாத வரிகளுக்கு எதிரே 'திரும்ப ஏற்றணும்' என்று எழுதி, ஏற்றிய பிறகு ஒவ்வொன்றாக அடித்திருந்தார்.

மாற்றும் முன் பார்த்தவை

முதலில் நோட்டையும் தளத்தையும் ஒப்பிட்டோம். தளத்தில் 612 பதிவுகள், நோட்டில் 618. விடுபட்ட ஆறில் நான்கு வெளியிடாமல் வரைவாகவே கிடந்தன. மற்ற இரண்டையும் எப்போதோ கை தவறி அழித்திருக்கிறார். அவற்றில் ஒன்று, பழைய இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பில் கிடைத்தது. கையால் எழுதிய அந்த நோட்டு இல்லாவிட்டால் இரண்டு பதிவுகள் குறைகின்றன என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது பென் டிரைவ். ஆச்சி வருடம் இரண்டு முறை, தைப்பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும், தளத்திலிருந்து பேக்கப் எடுத்து அதில் போட்டு பீரோவில் வைப்பார். கடைசிக் கோப்பின் அளவைப் பார்த்தேன்: 11 எம்பி. பதிவுகளில் படங்களோ ஆயிரத்து நானூறு. கணக்கு உதைத்தது. திறந்து பார்த்தால் எழுத்தும் பின்னூட்டமும் இருந்தன, படங்கள் இல்லை. படம் வேறெங்கோ இருக்கும் முகவரி மட்டும்தான் இருந்தது. அந்தக் கோப்பு இயங்கும் விதமே அப்படி. ஆச்சி வருடக்கணக்காகப் பத்திரப்படுத்தியது வீட்டின் பத்திரத்தை, வீட்டை அல்ல. இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

படங்களிலும் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருந்தது. 2008 முதல் 2011 வரை, இடம் மிச்சமாகட்டும் என்று யாரோ சொல்லி, 230 படங்களை வெளியே ஓர் இலவசப் படச் சேமிப்புத் தளத்தில் வைத்து இங்கே இணைத்திருக்கிறார். அந்தத் தளம் பிறகு விதிகளை மாற்றிவிட்டதால் 230 இடத்திலும் சாம்பல் நிறக் கட்டம். வாசகர்கள் யாரும் சொல்லவில்லை. ஆச்சி தன் பழைய பதிவுகளைத் திறந்து பார்ப்பதில்லை.

பிறகு, பழைய பதிவுகளுக்கு யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தோம். என் எண்ணத்தை மாற்றியது இதுதான். வருகையில் பெரும்பகுதி ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய பதிவுகளுக்கு. இசைகுடிமானம் பற்றிய பதிவுக்கு முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் கூட்டம். தேடலில் வருகிறவர்கள் போக, நேராக முகவரியை அடித்து வருகிறவர்களும் இருந்தார்கள். ஆச்சியைக் கேட்டேன். கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்றிலும் உறவினர் வீட்டுக் கல்யாணப் புத்தகம் ஒன்றிலும் வலைப்பதிவின் விலாசம் அச்சாகியிருக்கிறது. ஆய்வு மாணவர்கள் இரண்டு பேர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் குறிப்பிட்ட பதிவுகளின் முழு முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். அச்சான தாளில் போய் யாரும் விலாசம் திருத்த முடியாது.

நாற்பது பதிவுகளோடு ஒரு சோதனை

ஆனாலும் கட்டணம் கட்டியாகிவிட்டது. நாற்பது பதிவுகளைப் புது இடத்துக்கு ஏற்றிப் பார்த்தோம். எழுத்து சுத்தமாக வந்தது. எல்லாம் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறிமுறையில் இருந்ததால் அதில் சிக்கலே இல்லை. சிக்கல் முகவரியில்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதை அறிவார்கள். பழைய பிளாக்கரில் தலைப்பு தமிழில் இருந்தால் முகவரியில் தலைப்பு வராது. வருடம், மாதம், அப்புறம் 'பிளாக் போஸ்ட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் வரும். ஆச்சியின் பதிவுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் சின்னது. அச்சில் போடலாம், தொலைபேசியில்கூடச் சொல்லிவிடலாம். புது இடத்திலோ தமிழ்த் தலைப்பே முகவரியாகியது. உலாவியில் அழகாகத் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாகச் சிதறுகிறது. 'கந்தரப்பம்' ஏழெழுத்துச் சொல். யூனிகோடில் அது பத்துக் குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து: ஆக ஒரு பணியாரத்தின் பெயருக்கு 90 எழுத்து. ஆங்கில எழுத்தில் முகவரி வைத்துக்கொள்ளலாம்தான், 612 பதிவுக்கும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து.

அதைவிடப் பெரிய சிக்கல், பழைய முகவரி நம் பெயரில் இல்லாதது. அங்கே வந்து நிற்கிறவரைப் புது இடத்துக்கு முறையாக அனுப்பும் வழி நம் கையில் கிடையாது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவுக்குள் ஒரு நிரலை வைத்துத் திருப்பிவிடும் குறுக்கு வழி மட்டுமே உண்டு. தேடுபொறிகள் அதை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும் என்று நான் உறுதி கொடுக்க முடியவில்லை.

இந்த நேரத்தில் ஹோஸ்டிங் நிறுவனத்தில் சோதனைத் தளம் படுத்துவிட்டது. ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் தளம் வந்தது, ஒரு வாரத்துக்கு முந்தைய நிலையில். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆச்சி கேட்ட கேள்விதான் முக்கியம்: "எனக்கப்புறம் வருசா வருசம் இதுக்கு யாரு தம்பி காசு கட்டுவா?"

செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) பங்காளிகள், ஆளுக்கொரு நாட்டில். ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று முடிவாவதற்குள் உத்தரம் நனைந்துவிடும். கட்டிய ஆள் இருக்கும்வரை வீடு நிற்கும். பிறகு சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எடுத்த முடிவுகள்

2022 ஜூலையில் மகன் காணொளி அழைப்பில் இருக்க, மூன்று பேருமாகப் பேசி முடிவெடுத்தோம்.

தளம் மாறுவதில்லை. பிளாக்கர் மேல் பற்றோ, அது என்றைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையோ காரணம் அல்ல. வாடகை கட்டாமல் நிற்கும் இடம் அது. கட்ட ஆளில்லாமல் போகும் வாய்ப்பு எங்கள் விஷயத்தில் அதிகம். பதினான்கு வருடமாக வெளியே பரவிய விலாசங்களை உடைப்பதால் வரும் நட்டம் நிச்சயம். தளம் மூடப்படுவதால் வரும் நட்டம் ஒருவேளை வரலாம். அந்த ஒருவேளைக்கு வேறு வழியில் காப்பு செய்துகொள்ளலாம் என்று நினைத்தோம். ஒரே தளத்தில் இருப்பது வேறு, ஒரே பிரதியை நம்பி இருப்பது வேறு. ஆச்சி இதுவரை செய்தது இரண்டாவது.

சொந்த டொமைன், அதாவது நம் பெயரிலேயே பதிவாகும் இணைய விலாசம், ஒன்று வாங்கிப் பிளாக்கரோடு இணைத்தோம். பழைய விலாசத்துக்கு வருகிறவர்களைப் பிளாக்கரே புது விலாசத்தின் அதே பதிவுக்கு அனுப்பிவிடும். நாளைக்கு வேறு தளத்துக்கே போனாலும் டொமைன் நம்மோடு வரும். பணம் கட்டத் தவறி டொமைன் போனால்? அமைப்பில் அதைக் கழற்றிவிட்டால் பழைய விலாசமே திரும்ப வேலை செய்யும். இந்தப் பின்வாசல் இருப்பதால்தான் ஆச்சி சம்மதித்தார். ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினோம்.

பக்கம் பழையதாக இருப்பதும் கைப்பேசியில் படிக்க முடியாததும் ஒரு பிற்பகல் வேலையாக முடிந்தன. பிளாக்கரிலேயே 2017இல் வந்த, கைப்பேசிக்கு ஒத்துப்போகும் வார்ப்புருவுக்கு மாற்றினோம். மகனுடைய நான்கு காரணங்களில் இரண்டு அங்கேயே கரைந்தன. வருகை எண்ணிக்கைக் கட்டம் மட்டும் காணாமல் போய், ஆச்சி கேட்டதால் திரும்ப வைத்தோம்.

படங்களுக்குத்தான் மூன்று மாதம் ஆனது. தளத்தில் இருந்தவற்றை எல்லாம் இறக்கி, பதிவு எண்ணையே கோப்பின் பெயராக வைத்து, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டோம். ஒன்று ஆச்சி வீட்டில், ஒன்று தேவகோட்டையில் இருக்கும் அவருடைய தம்பி பேத்தியிடம். சாம்பல் கட்டமான 230இல் 118 மகனுடைய பழைய கணினியில் இருந்தன. 34 இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைத்தன, பல சின்ன அளவில். 47ஐ ஆல்பத்திலிருந்து எடுத்து ஸ்கேன் செய்தோம். மிச்சம் 31 போனது போனதுதான். அதில் ஒன்று, ஆச்சியின் அப்பத்தா கொட்டான் முடைகிற படம். முகம் தெரியாது, கை மட்டும். மூலப்படம் இருந்த டிஜிட்டல் கேமராவைப் பழைய சாமானோடு போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது சாவி. பிளாக்கரில் ஒரு வலைப்பதிவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிர்வாகிகள் இருக்கலாம். மகனையும் தம்பி பேத்தியையும் சேர்த்தோம். கூகுள் கணக்கில் 'செயல்படாத கணக்கு நிர்வாகி' என்று ஒரு வசதி 2013 முதல் இருக்கிறது. கணக்கு பயன்படாமல் கிடந்தால் எத்தனை மாதம் பொறுத்து யாருக்குத் தகவலும் தரவும் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பத்துப் பேர் வரை குறிக்கலாம். ஆறு மாதம், இரண்டு பேர் என்று வைத்தோம். தன் சாவைப் பற்றிய படிவத்தை ஆச்சி, வங்கியில் நாமினி எழுதுவதுபோல, முகம் மாறாமல் நிரப்பினார்.

கடைசியாக, அவர் விருப்பத்துக்காக, எல்லாப் பதிவுகளையும் அச்செடுத்து மூன்று தொகுதியாக பைண்டு செய்தோம். நான் வீண் செலவு என்றேன். "கோட்டையூர்ல ஒருத்தர் தாளாச் சேத்து வச்சதுதான தம்பி இன்னைக்கு நூலகமா இருக்கு" என்றார். ரோஜா முத்தையாவைச் சொன்னார். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் அவர் வீட்டில் சேர்த்து வைத்திருந்த நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைந்தது. அதற்குமேல் நான் வாதாடவில்லை.

அதன் பிறகு நடந்தவை

2023 விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போன கூட்டத்தில் ஆச்சியின் கைப்பேசி தொலைந்தது. புதுக் கைப்பேசி அன்று மாலையே வாங்கியாகிவிட்டது. சிம் கிடைக்கவில்லை. அந்த எண், இறந்துபோன கணவரின் பெயரில் இருந்தது. பெயர் மாற்ற இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று அலைந்து எண் கைக்கு வர ஏழு வாரம். மடிக்கணினியிலும் கணக்கு வெளியேறிவிட்டிருந்தது. நுழையக் குறியீடு கேட்டது. குறியீடு வருவதோ தொலைந்த எண்ணுக்கு.

எல்லா முன்னேற்பாட்டிலும் நாங்கள் யோசிக்காத இடம் இது. சிம் யார் பெயரில் இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

வலைப்பதிவு நிற்கவில்லை. தேவகோட்டைப் பெண்ணுக்கு நிர்வாகி உரிமை இருந்ததால், ஆச்சி தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்து ஏற்றினார். தீபாவளிப் பலகாரப் பதிவுகள் நான்கு அப்படி வந்தவை. நடை கொஞ்சம் மாறியிருப்பது தெரிகிறது. 'பதம் பாத்து இறக்கணும்' என்ற இடத்தில் 'மிதமான சூட்டில்' என்று இருக்கிறது. ஆச்சி பிறகு திருத்தவில்லை. அவள் எழுதினது அவளுது என்று விட்டுவிட்டார்.

2025 செப்டம்பர் 30இல் டைப்பேட் தளம் மூடப்பட்டது. 2003 முதல் இயங்கியது, பலர் காசு கட்டி எழுதிய இடம். செய்தி வந்ததும் மகன் அழைத்தார். பழைய பேச்சு திரும்ப வந்தது. காசு கட்டினாலும் மூடுவார்கள் என்று நான் சொல்ல, இலவசத்தை இன்னும் சுலபமாக மூடுவார்கள் என்று அவர் சொல்ல, இரண்டும் சரிதான். வாதத்தை விட்டுவிட்டு ஒத்திகை பார்த்தோம். பிளாக்கர் இன்று மூடிவிட்டதாக வைத்துக்கொண்டு, பேக்கப் கோப்பையும் ஹார்டு டிஸ்க்கையும் மட்டும் கொண்டு என் கடைக் கணினியில் வேர்ட்பிரஸ் நிறுவி முழு வலைப்பதிவையும் எழுப்பிப் பார்த்தோம். எழுத்து ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. படங்களைப் பொருத்த இரண்டு நாள். ஒன்பது படங்கள் டிஸ்க்கில் இல்லை. 2024இல் கைப்பேசியிலிருந்து நேராக ஏற்றியவை. அவற்றைத் தளத்திலிருந்து இறக்கிச் சேர்த்தோம். மகன் அதற்குப் பிறகு மாறச் சொல்லவில்லை. மாறவே கூடாது என்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று செய்தால் வேறாகச் செய்வது

டொமைனை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். 2008இல் செய்திருந்தால் அச்சான விலாசம் எல்லாம் ஆச்சியின் சொந்தப் பெயரில் இருந்திருக்கும். தளம் மாறலாமா என்ற கேள்விக்கே இவ்வளவு கனம் வந்திருக்காது. எங்கள் முடிவு, பழைய விலாசத்தில் கட்டுண்டவர்களின் முடிவு. புதிதாகத் தொடங்குகிற ஒருவர் இதைப் பார்த்து இலவச விலாசமே போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேக்கப்பை எடுத்த அன்றே திறந்து பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் படங்கள் இல்லாதது முதல் பொங்கலுக்கே தெரிந்திருக்கும். ஒத்திகையை 2022இலேயே நடத்தியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. சிம், மீட்பு மின்னஞ்சல், பழைய மடிக்கணினியின் கடவுச்சொல் மூன்றையும் இப்போது என்னிடம் வரும் பெரியவர்களிடம் முதல் கேள்வியாகவே கேட்கிறேன். ஹோஸ்டிங்குக்கு முன்கூட்டிக் கட்டிய ஒரு வருடப் பணம் திரும்ப வரவில்லை. முதலில் ஒரு மாதத்துக்குக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

அச்செடுத்த மூன்று தொகுதிகளைப் பற்றி நான் சொன்னது தப்பு. ஆச்சி வீட்டுக்கு வரும் உறவுகளில் வலைப்பதிவைப் படித்தவர்களைவிட அந்தத் தொகுதிகளைப் புரட்டியவர்கள் அதிகம்.

போன மாதம் கணக்கு நோட்டைப் பார்த்தேன். வரிசை 655இல் நிற்கிறது. அந்த 31 படங்கள் போன பதிவுகளுக்கு எதிரே 'படம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் வருடாந்தரச் செலவு என்று தனியாக ஒரு பட்டியல். வீட்டு வரி, தண்ணீர் வரி, கோயில் புள்ளி வரி. அவற்றுக்குக் கீழே, 2027 ஜூலை, டொமைன்.